மேலிருந்து ஒரு மரக்கணக்கு

தேங்காய் வியாபாரம் செய்பவன் வெளியில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண்திட்டம் வராது. என் அப்பாவுக்கு அது கைவந்த கலை. தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு நடை போய்த் திரும்பினால் போதும். மரம் இத்தனை, காய்ப்பு இவ்வளவு, வெட்டுக்கூலி போக இந்தத் தொகைக்கு மேல் கேட்டால் கட்டாது என்று மனசுக்குள்ளேயே கணக்கை முடித்துவிடுவார். பேராவூரணிப் பக்கத்துப் பழைய வியாபாரிகள் பலரும் அப்படித்தான். எனக்கோ இருபது மரம் தாண்டினால் எண்ணிக்கை தப்பிவிடும். ஊடே வாழை அடர்ந்திருந்தால் அதற்கு முன்பே தப்பும். தோப்புக்காரர் ஒரு கணக்குச் சொல்வார், தரகர் இன்னொன்று சொல்வார். நான் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இந்தத் தொழிலில் அது சின்னக் குறை இல்லை. நாங்கள் தோப்பை வருஷக் குத்தகைக்கு எடுப்பவர்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசி, மொத்தத் தொகையை இரண்டு மூன்று தவணையில் கொடுத்துவிட வேண்டும். பிறகு 45 நாளுக்கோ 60 நாளுக்கோ ஒரு வெட்டு, வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு வெட்டு. இடையில் காய் விலை ஏறலாம், இறங்கலாம், அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது முதல் நாள் பேசுகிற மரக்கணக்கு மட்டும்தான். 500 மரம் என்று பேசி முடித்த தோப்பில் காய்க்கிற மரம் 450 என்றால், முதல் வெட்டுக்கு ஆள் இறங்குவதற்கு முன்பே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் குறையை ஒப்பேற்றத்தான் கூகுள் எர்த்தைக் கையில் எடுத்தேன். தொழில்நுட்பத்தின் மேல் எனக்குத் தனி ஆசை எதுவும் கிடையாது.

அந்த மென்பொருளும் தேங்காய்க்காரனுக்காகச் செய்யப்பட்டதல்ல. கீஹோல் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி வைத்திருந்ததை 2004-இல் கூகுள் வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த் என்ற பெயரில் வெளியிட்டது. பரப்பு, தூரம் எல்லாம் அளக்கிற புரோ பதிப்புக்கு ஆண்டுக்கு 399 டாலர் கட்டணம் இருந்தது. 2015 ஜனவரியில் அதையும் இலவசமாக்கிவிட்டார்கள். பழைய மடிக்கணினி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் போதும் என்று ஆனபோதுதான் என்னைப் போன்றவர்கள் உள்ளே வந்தோம்.

மேலிருந்து பார்த்தால் தென்னை, கோலத்தில் வைத்த நட்சத்திரம்போலத் தெரியும். மாவும் புளியும் குவியலாகத் தெரியும். தென்னையின் மட்டைகள் மட்டும் நடுவிலிருந்து நாலா பக்கமும் பிரிந்திருக்கும். முதலில் தோப்பின் நான்கு எல்லையையும் சுற்றிக் கோடு போடுவேன். பரப்பு எத்தனை ஏக்கர் என்று வந்துவிடும். 25 அடிக்கு ஒரு மரம் என்ற கணக்கில் நட்டிருந்தால் ஏக்கருக்கு 70, ஹெக்டேருக்கு 175 மரம் நிற்க வேண்டும். இது இருக்க வேண்டிய கணக்கு. அடுத்து, திரையைப் பெரிதாக்கி வரிசை வரிசையாக எண்ணினால் இருக்கிற கணக்கு வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏக்கருக்கு 90 மரம் நின்றால் நெருக்கி நட்ட தோப்பு. ஒன்றின் நிழலில் ஒன்று நிற்கும், காய் சிறுத்துப் போகும். 50 நின்றால் இடையில் பட்டுப்போனது நிறைய. பட்டது ஏன் என்ற கேள்வியோடுதான் அந்தத் தோப்புக்குப் போவேன்.

நட்சத்திரத்தை எண்ணத் தெரிந்த பிறகு நிழலைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தப் படங்களை எடுக்கிற செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை நம் ஊர்களுக்கு மேலே காலை பத்தரை மணியை ஒட்டித்தான் கடக்கின்றன. மார்கழி மாதத்தில் அந்த நேரத்துக்கு வெயில் சாய்ந்து விழும். மரத்தின் நிழல், மரத்தின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். வைகாசியில் எடுத்த படமாக இருந்தால் நிழல் உயரத்தில் பாதிகூட வராது. படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று தெரிந்தால் நிழலை அளந்து மரத்தின் உயரத்தைச் சொல்லிவிடலாம். உயரம் எதற்கு என்றால், கூலிக்கு. குட்டையாக இருந்தால் தரையில் நின்றபடியே மூங்கிலில் அரிவாள் கட்டி அறுத்துவிடலாம். 60 அடி மரத்துக்கு ஏறுகிற ஆள் வேண்டும். அவர்கள் இப்போது எங்கள் பக்கம் குறைந்துகொண்டே வருகிறார்கள். மரக்கணக்கு ஒன்றாகவே இருக்கும் இரண்டு தோப்புகளில் ஒன்று லாபம் தந்து மற்றது கையைக் கடிப்பதற்கு இந்த ஏறுகூலியே காரணமாக இருந்துவிடும்.

வண்டித்தடமும் அப்படித்தான். அடிக்கோலைத் திரையில் வைத்துத் தோப்பின் நடுவிலிருந்து லாரி நிற்கக்கூடிய சாலை வரை இழுப்பேன். 100 மீட்டர் என்றால் ஆளே சுமந்துவிடுவார். அதற்கு மேல் என்றால் டிராக்டர் வேண்டும். வாய்க்கால் குறுக்கிட்டால் மதகு எங்கே இருக்கிறது, அதன் மேல் டிராக்டர் போகுமா என்று பார்க்க வேண்டும். காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்துக்குப் போகிற லாரி ராத்திரி கிளம்பியாக வேண்டும். காய் சாலைக்கு வந்து சேர இரண்டு மணி நேரம் பிந்தினால் லாரிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்பார். இதையெல்லாம் முன்பு தோப்பை எடுத்த பிறகுதான் தெரிந்துகொள்வோம். இப்போது வீட்டிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது.

இதுவரை சொன்னது எல்லாரும் ஊகிக்கக் கூடியதுதான். எனக்கு உண்மையில் சோறு போடுவது இன்றைய படமல்ல, பழைய படங்கள். மென்பொருளில் கடிகாரம் வரைந்த ஒரு பொத்தான் இருக்கிறது. 2009-இல் சேர்த்த வசதி. அதை அழுத்தினால் அதே இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்கள் ஒவ்வொன்றாக வரும். எங்கள் பக்கத்துத் தோப்புகளுக்கு அந்தப் பொத்தானின் மதிப்பைப் புரியவைத்தது கஜா.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய புயல் அது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னையை நம்பியிருந்த ஊர்களை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. விழுந்த மரத்துக்கு அரசு கொடுத்தது அகற்றும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய். எத்தனை மரம் இருந்தது என்ற கேள்வி அந்த வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. பெரும்பாலானவர்களிடம் பதில் இல்லை. தலைமுறையாகக் காய் எண்ணியவர்கள்தான். மரத்தை எண்ணி எழுதி வைக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது.

அப்பாவின் கண்திட்டம் தடுமாறியதும் அப்போதுதான். அவர் ஒருநாளும் மரத்தை எண்ணியதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வரிசையை எண்ணுவார், ஒரு வரிசையில் உள்ள மரத்தை எண்ணுவார், பெருக்குவார். ஓரத்து மரங்களைத் தனியாகக் கூட்டிக்கொள்வார். கஜா வரிசைகளைக் கலைத்துவிட்டது. இங்கே நாலு மரம், அங்கே ஒன்று, நடுவே வெட்ட வெளி. பெருக்க எதுவும் இல்லை. ஒருநாள் மடிக்கணினிக்கு முன் அவரை உட்காரவைத்தேன். ஒரு தோப்பின் புயலுக்கு முந்தைய படத்தையும் பிந்தையதையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வாய்க்கா கரையில நிக்கிற பத்து மரத்தையும் சேத்துட்ட பாரு. அது பொறம்போக்கு. அதுக்குத் தோப்புக்காரர்கிட்ட எதுக்குடா குத்தகை குடுக்கணும்?” என்றார். எனக்குத் திரையில் மரம் தெரிந்தது. யாருடைய மரம் என்பது அவருக்குத்தான் தெரிந்தது.

புயலுக்குப் பிறகு நட்ட கன்றுகள்தான் இன்றைக்குக் கணக்கில் பெரிய சிக்கல். நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும். தோப்புக்காரர் 400 மரம் என்பார். பொய் சொல்லவில்லை, நிற்பது 400தான். ஆனால் பழைய படங்களை ஓட்டிப் பார்த்தால் அதில் 150 மரம் 2019-க்கு முந்தைய எந்தப் படத்திலும் இருக்காது. சிலது பாளை விட்டிருக்கும், சிலது இன்னும் கன்றாகவே இருக்கும். அதை வயது வாரியாகப் பிரித்து, இந்த வருஷம் காய்க்கிறது, அடுத்த வருஷம் காய்க்கப்போவது, இப்போதைக்குச் சேராதது என்று மூன்று நிறத்தில் புள்ளி வைத்துவிடுவேன். இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் பேசும்போது அந்த மூன்று நிறமும் மூன்று விலை.

காய்ப்பைப் பற்றியும் பழைய படம் ஓரளவு பேசும். பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறத்தாழ 12 மாதம் ஆகிறது. அதனால் போன கோடையில் தோப்பு பட்ட பாடு இந்த வருஷ வெட்டில்தான் தெரியவரும். இதற்குக் கூகுள் எர்த் உதவாது. அதில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் இடைவெளி இருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் தருகின்றன, அதுவும் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர். ஒரு மரத்தின் தலையே கிட்டத்தட்ட ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், எண்ண முடியாது. பச்சையை மட்டும் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் சுற்றுத் தோப்புகள் வெளுத்துக் கிடக்கும்போது ஒன்று மட்டும் பச்சையாகவே இருந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது, பாய்ச்ச ஆளும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் படங்களைத் திறப்பது வீண். மேகம்தான் தெரியும்.

எதெல்லாம் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டிலிருந்தே தோப்பு எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். குலையில் எத்தனை காய் என்பது தெரியாது. குரும்பை கொட்டுவது தெரியாது. வெள்ளை ஈ மட்டையின் அடிப்புறத்தில் உட்கார்ந்து உறிஞ்சுவதால் கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்துப் போவது மேலிருந்து தெரியாது. எங்கள் மாவட்டத்தின் பெயரையே வாங்கிய தஞ்சாவூர் வாடல் நோய் இருக்கிறது. 1952 புயலுக்குப் பிறகு இங்கே பெரிதாகத் தலைகாட்டிய நோய் என்பார்கள். அது பிடித்த மரத்தின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும். மரத்தடியில் குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். தலை வாடி, திரையில் வெளுத்துத் தெரிகிற நேரத்தில் அந்த மரம் முடிந்துபோன கதை.

மேடு பள்ளத்தையும் இந்த மென்பொருளிடம் கேட்கக் கூடாது. கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று அது காட்டுகிற எண், பல இடங்களில் 2000-இல் விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடார் மூலம் எடுத்த அளவை அடிப்படையாகக் கொண்டது. அடர்ந்த தோப்பில் அந்த ரேடார் தரைவரை இறங்காமல் மட்டையிலேயே பட்டுத் திரும்பியிருக்கும். மலைக்காட்டில் நாலைந்து மீட்டர் வித்தியாசம் பெரிதல்ல. எங்களுடையது கடைமடை, ஓரடி உயரம் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கிற ஊர். இங்கே அந்த எண்ணை நம்பி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் பக்கத்துத் தோப்புக்குப் போகும்.

எல்லைத் தகராறுக்கு இதைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. “தம்பி, ஒங்க போன்ல போட்டுப் பாத்து எந்தப் பங்காளி வரப்ப நகத்துனான்னு சொல்லிருங்க” என்று ஒருவர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரே தோப்பின் வெவ்வேறு வருஷப் படங்களைப் பார்த்தால் கிணறே சில மீட்டர் இடம்மாறி உட்கார்ந்திருக்கும். கிணறா நகர்ந்தது? படம்தான் தரையில் சரியாகப் பொருந்தவில்லை. மரம் எண்ண அது பாதகமில்லை, வரப்புக்கு ஆகாது. அதற்குப் புல வரைபடம் இருக்கிறது. அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் கிடைத்துவிடும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல்லைத் தேட வேண்டியதுதான்.

இனி, கொஞ்சம் கூச்சத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. இப்படி ஒரு கருவி கையில் இருந்து எதிராளியிடம் இல்லாவிட்டால் என்ன செய்வது? மரத்தைக் கூட்டிச் சொல்பவர்களைப் பற்றிக் கவலையில்லை. திரையைக் காட்டினால் இறங்கி வருவார்கள். குறைத்துச் சொல்பவர்கள்தான் சோதனை. எங்கள் பக்கத்துத் தோப்புகளில் பல, உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவை. தாத்தா காலத்தில் 300 மரம் என்று கேள்விப்பட்டதை அப்படியே சொல்வார்கள். திரையில் 340 இருக்கும். 300-க்குப் பேசி முடித்துவிட்டால் 40 மரம் சும்மா வருகிறது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்லமாட்டார்கள். சாமர்த்தியம் என்றுதான் கடைத்தெருவில் பேசுவார்கள்.

நான் படத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நல்லவன் என்று பேர் வாங்க இல்லை. 40 மரத்தின் ஒரு வருஷக் காயைவிட அந்தத் தோப்பு பத்து வருஷம் என் கையில் இருப்பது பெரிது. சிங்கப்பூர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் போகும். எல்லைக்கோடு, மூன்று நிறப் புள்ளி, கீழே எண்ணிக்கை. பெரும்பாலானவர்கள் முதலில் விலையைப் பற்றிக் கேட்பதே இல்லை. மோட்டார் கொட்டகை இருக்கா, பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டார்களா, பக்கத்துத் தோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று பேச்சு நீளும். விலைக்கு வரும்போது பாதிப் பேரம் முடிந்திருக்கும். மறு வருஷம் வேறொரு வியாபாரி கூட்டிக் கேட்டாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நாணயமும் ஆதாயமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கின்றன. அதனால் எனக்கு இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் காட்டும்போது நடப்பது வேறு. ஒரு தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து போனை நீட்டினேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இப்ப எம் பசு எங்க நிக்குது, காட்டுங்க தம்பி.”

“இது இப்ப எடுத்ததில்லைங்கய்யா. போன மாசியில எடுத்த படம்.”

“அப்ப அந்த மாடு இருந்துச்சு. வித்துட்டேன்.” சற்று நேரம் கழித்து, “நம்ம தோப்ப எவன் எதுக்குப் படம் புடிக்கிறான்?” என்றார்.

நியாயமான கேள்வி. 2005-இல் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமே இந்த மென்பொருளால் பாதுகாப்புக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். பெரியவருக்கு நான் சொன்னது இதுதான்: “எடுத்தது எடுத்தாச்சுங்கய்யா. வியாபாரி மட்டும் பாத்தா ஒங்களுக்கு நஷ்டம். நீங்களும் பாருங்க.” அவர் போனை வாங்கி, வரிசை வரிசையாக விரலால் நகர்த்தி, தானே எண்ண ஆரம்பித்தார். இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினார். ஒன்று பனை, நான் தென்னை என்று புள்ளி வைத்திருந்தேன். இன்னொன்று இடி விழுந்து மொட்டையாக நின்ற மரம்; மாசிக்குப் பிறகு விழுந்த இடி, படத்துக்கு அது தெரியாது.

இப்படி எண்ணிக்கையைச் சேர்ந்து முடித்துவிட்டால் தோப்புக்குள் நடக்கும்போது எண்ண வேண்டியதில்லை. கழுத்தைத் தூக்கிக் குலையைப் பார்க்கலாம், குனிந்து தண்டைப் பார்க்கலாம், கீழே கொட்டிக் கிடக்கும் குரும்பையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பேரமும் அதைப் பற்றியே நடக்கும். மரம் எத்தனை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், ஒரு மரம் எத்தனை காய்க்கும் என்ற உருப்படியான பேச்சுக்குக் கிடைத்துவிட்டது. காய்ப்பைச் சொல்வதில் எனக்கும் ஓரளவு கண் பழகிவிட்டது என்று கூட வருகிற வெட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். மரத்தை இன்னும் எண்ண வராது.

வேறு தொழில் செய்பவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். சோலார் பலகை போடுகிறவரோ, செங்கல் சூளைக்காரரோ, மனை வாங்கி விற்பவரோ, யாராக இருந்தாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். தேதி தெரியாத படத்தை வைத்துப் பேசிய விலைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது. கஜாவுக்குப் பிறகு எங்கள் குத்தகைச் சீட்டில் இதற்கென்றே ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இன்ன தேதியிட்ட படத்தின்படி காய்க்கும் மரம் இத்தனை, காற்றில் சாய்ந்தால் அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வது, கழித்த மரத்துக்குரிய மீதித் தொகையை அடுத்த தவணையில் நேர் செய்வது. படத்தை அச்செடுத்துச் சீட்டோடு சேர்த்துக் குத்திவிடுகிறோம். தோப்புக்காரர் ஒரு ஓரத்திலும் நான் ஒரு ஓரத்திலும் அதில் கையெழுத்துப் போடுகிறோம்.